கிழிந்த உடுப்பைப் பற்றிய எட்டு வரிகள்

எங்கள் வீட்டில் வாடகைக்கு விடுகிற அறைகள் இரண்டு. ஆலங்குடாவில் காற்று ஏறுகிற மாதங்களில் அவற்றுக்கு ஆள் வரும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான். விடிந்ததும் பாணும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, முதுகில் பெரிய பையோடு கடலை ஒட்டிய களப்புக்குப் போவார்கள். கைட்டைக் காற்றில் ஏற்றிப் பலகையில் நின்று தண்ணீருக்கு மேலே பறப்பார்கள். பொழுதுபடத் தோல் உரிந்த மூக்கோடு திரும்பி வந்து குளிர்ந்த தண்ணீர் கேட்பார்கள்.

ஒரு வருடம் தாயும் மகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். மகள் கைட் ஓடப் போய்விடுவாள். தாய் வீட்டிலேயே இருப்பார். அறுபது வயதைத் தாண்டியவர். வந்த முதல் நாளே, அறைக்குள் கிடந்த மேசையை விறாந்தைக்கு எடுத்துப் போடலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அந்த அம்மா அதில் பரப்பிய கடதாசிகளைக் காற்று ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கவில்லை. முற்றமெல்லாம் ஓடிப் பொறுக்கிய பிறகு, பழைய போட் என்ஜினிலிருந்து கழற்றி வைத்திருந்த நான்கு இரும்புத் துண்டுகளைத் துடைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஒன்றாக வைத்துவிட்டுப் போனார் இவர். அடுத்த ஆறு கிழமையும் அந்த இரும்புகள் மேசையில்தான் இருந்தன.

என் வீட்டுக்காரர் அந்த அம்மாவை, சிங்களத்தில் சீமாட்டியைச் சொல்கிற மாதிரி, நோனா என்று சொல்லுவார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் மதுரங்குளியில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மூன்று மணிக்குப் பிறகுதான் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். முதல் கிழமை நோனா கடிதம் எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒரே பக்கத்தை நாலு நாளாக வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். அதில் இருந்தது எனக்குத் தெரிந்த எழுத்து இல்லை. பிளேன்டீ கொண்டுபோய் வைக்கும்போது கேட்டேன். பழைய கிரேக்க நாடகம் ஒன்று, அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன் என்றார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட நாடகமாம்.

"முன்னமே ஒருத்தரும் மாற்றவில்லையா?" என்று கேட்டேன்.

"நிறையப் பேர் மாற்றியிருக்கிறார்கள்" என்றார்.

"பிறகு ஏன்?"

அவர் கோபப்படவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து நாலு வரி வாசித்துக் காட்டினார். கோயிலில் பழைய செபப் புத்தகம் வாசிக்கிற மாதிரி இருந்தது. இன்றைக்கு ஒரு நடிகை மேடையில் நின்று இதைச் சொன்னால் சனத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது என்றார். கிரேக்கம் இருந்தபடியே இருக்கிறது, அதைத் தூக்கிவந்த ஆங்கிலம்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் கிழடாகிறது, அதனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்றார். பதினெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தும், அது கிழடாகிற மொழி என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எங்களுக்கு அது எப்போதும் புதுச்சட்டை மாதிரித்தானே.

இரண்டு நாள் கழித்து அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். தான் எழுதியதை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். பலதடவை வாசித்து வாசித்துத் தன் காதுக்கு அது கேட்காமல் போய்விட்டதாம்.

"என் உச்சரிப்பு உங்களுக்குச் சரிவராது" என்றேன்.

"நீங்கள் ஒவ்வொரு சொல்லாக வாசிக்கிறீர்கள். எங்கேயாவது தடக்கினால், பிழை வரியில்தான். உங்களில் இல்லை" என்றார்.

நான் ஆங்கிலத்தில் தடக்குவது வாக்கியத்தின் பிழை என்று என் வாழ்நாளில் முதல்முதலாகச் சொன்னவர் அவர்தான். உடனே ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நாலு மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் வாசிப்பு. நாடகத்தின் கதையும் அப்படித்தான் எனக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது. ஒரு பெரிய ராச்சியத்தின் படை கடல் கடந்து கிரேக்கர்களோடு சண்டைக்குப் போயிருக்கிறது. அரண்மனையில் வயதான அமைச்சர்களும் அரசனின் தாயும் சேதிக்காகக் காத்திருக்கிறார்கள். ஓர் ஆள் ஓடிவந்து, கடற்சண்டையில் கப்பல்கள் எல்லாம் போய்விட்டன, ஆட்கள் தண்ணீரில் செத்து மிதக்கிறார்கள் என்று சொல்கிறான். சண்டையை மேடையில் காட்டுவதில்லை. ஒருவன் வந்து சொல்வதைத்தான் நாங்கள் கேட்கிறோம். கிழவர்கள் அழுகிறார்கள். அரசி மட்டும் வெகுநேரம் வாய் திறப்பதில்லை.

இது தோற்றவர்களின் நாடகம் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். நாலாம் நாள்தான் நோனா சொன்னார், எழுதியவர் வென்ற பக்கத்து ஆள். அந்தச் சண்டையில் தானே நின்றவர் என்றும் சொல்லுகிறார்கள். சண்டை முடிந்து சில வருடத்துக்குள், தன் ஊர்ச் சனத்தை இருத்தி வைத்து, எதிரியின் தாய் அழுவதைக் காட்டியிருக்கிறார். நான் சின்ன வயதில், சண்டை நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு இந்தப் பக்கம் வந்தவள். இங்கே வந்து, வளர்ந்து, ஆலங்குடாவில் கலியாணமும் முடித்துவிட்டேன். என்றாலும் அன்றைக்குக் கடதாசியை மேசையில் வைத்துவிட்டேன். அந்த ஊர்ச் சனம் எப்படி எழும்பிப் போகாமல் இருந்து பார்த்தது என்று கேட்டேன். பார்த்தது மட்டுமில்லை, அந்த வருடப் போட்டியில் முதற் பரிசும் கொடுத்தார்கள் என்றார்.

பிறகு அந்த எட்டு வரிகள் வந்தன. இவ்வளவு அழிவையும் கேட்ட பிறகு, மகன் உயிரோடு வருகிறான், உடுப்பெல்லாம் கிழிந்து வருகிறான் என்று அரசிக்குத் தெரிகிறது. அப்போது அவள், எல்லாத் துன்பத்திலும் தன்னைக் கூடுதலாகக் குத்துவது மகனின் உடம்பில் கிடக்கிற கந்தல்தான் என்கிறாள். நல்ல உடுப்பு எடுத்துக்கொண்டு அவனை எதிர்கொள்ளப் போகிறேன் என்று உள்ளே போகிறாள்.

நான் வாசித்து முடித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நோனா பேனையை வைத்தார். "எல்லோரும் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள்" என்றார். தன் ஊரில் சில நடிகர்களை வைத்து வாசித்துப் பார்த்தபோதும் சனம் சிரித்ததாம். நாடகத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய படிப்பாளிகள்கூட, இவ்வளவு பேர் செத்திருக்க இந்த மனுசி உடுப்பைப் பற்றிக் கதைக்கிறாளே என்று குறை சொல்லியிருக்கிறார்களாம். ஆறு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன் என்றார். உடுப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு அவமானம் என்று போட்டால் சிரிப்பு வராது. ஆனால் கிரேக்கத்தில் இருப்பது உடுப்பு. ஏழாவதாக எழுதியதைத்தான் நான் வாசித்திருக்கிறேன்.

குசினிக்குப் பின்னால், மாமரத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர் என்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். காற்றுக் காலத்தில் கடல் இறங்க விடாது. மழைக்குப் பிறகுதான் டொல்பின் பார்க்கிற ஆட்களைப் போட்டில் ஏற்றுவார். அதுவரை என்ஜினோடுதான் அவருக்குக் கதை. நான் போய்ப் பக்கத்தில் இருந்து, நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த வரிகளைத் தமிழில் சொல்லப் பார்த்தபோது தொடக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் அரசி தன் மகனை அவர் என்பாளா, அவன் என்பாளா? மகன், ஆனால் நாட்டுக்கு அரசன். நோனாவுக்கு இந்தக் கரைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவன் என்றே சொன்னேன்.

அவர் எண்ணெய்க் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். சிரிக்கவில்லை.

"அதில சிரிக்க என்ன இருக்கு?" என்றார்.

"அத்தனை பேர் செத்துப்போச்சினம். அவ சட்டையைப் பற்றிக் கதைக்கிறா."

"எனக்கும் அக்கா போட ஒரு சேட்டுத் தந்தாதானே."

எனக்கு விளங்கவில்லை. "எந்த அக்கா?"

அவர் சொன்ன அக்கா, அவரோடு கடலுக்குப் போய் வராமல் போன அண்ணனின் மனைவி. எங்கள் கலியாணத்துக்கு இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது அது. இரண்டு பேரும் ஒரே போட்டில் போனவர்கள். விடியப்புறம் அலை உடைகிற இடத்தில் போட் கவிழ்ந்தது. இவர் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை கிடந்தார். அண்ணனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் கரைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

"வேற போட்டுக்காரங்கதான் என்னையும் கவிழ்ந்த போட்டையும் கரையில ஏத்தினாங்க. ஆர் போய்ச் சொல்றது எண்டு கதைச்சாங்க. கடைசியாக் கண்டது நான்தானே, நானே போறன் எண்டன். வழி முழுக்க என்னண்டு சொல்றது எண்டு யோசிச்சுக்கொண்டு போனன். அக்கா வாசல்ல நிண்டா. என்னைப் பாத்தா. நான் வாயைத் திறக்கல்ல. சேட்டில ஒரு கை இல்ல, முதுகுப்பக்கம் கிழிஞ்சு தொங்கினது. அக்கா ஒண்டும் கேக்கல்ல. உள்ளுக்குப் போயி அண்ணனோட சேட்டொண்டை எடுத்து வந்து, 'முதல்ல இதைப் போடு' எண்டா."

"நீங்கள் போட்டனீங்களா?"

"போட்டன். பொத்தானையும் பூட்டினன். பிறகு கதிரையைக் காட்டினா, இருந்தன். தண்ணி தந்தா, குடிச்சன். அதுக்குப் பிறகுதான் கேட்டா, போட் வந்திட்டா எண்டு. போட் வந்திட்டு எண்டு சொன்னன். அவ்வளவுதான். வேற ஒண்டும் நான் சொல்லல்ல."

"அந்தச் சேட்டு எங்கே?"

"கிழியும் மட்டும் போட்டன்."

அப்படியென்றால் நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகும் அது கொடியில் கிடந்திருக்கும். நான் கையால் தோய்த்தும் இருப்பேன். எந்த நிறம் என்று கேட்டேன். கோடு போட்டது என்று மட்டும் சொன்னார். எத்தனை யோசித்தும் எனக்கு ஞாபகத்தில் வரவில்லை.

அவருடைய சம்மதத்தோடுதான் நோனாவிடம் சொன்னேன். நோனா அவரிடமிருந்தே கேட்க விரும்பினார். அடுத்த நாள் இவர் முகம் கழுவி, நல்ல சேட் ஒன்று போட்டுக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான மொழிபெயர்ப்பு நான் செய்ததில்லை. 'முதல்ல இதைப் போடு' என்பது மூன்றே சொல். அதில் அதட்டல் இருக்கிறது, உரிமை இருக்கிறது, 'பிறகு மற்றதைப் பார்ப்போம்' என்பதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான் சொன்னது கடையில் உடுப்பு விற்கிறவர் சொன்ன மாதிரி இருந்தது.

நோனா கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவ சேட்டை எடுக்கப் போகும்போது அழுதாவா? எவ்வளவு நேரம் உள்ளே நின்றா? முகத்தைப் பார்த்துக் கொடுத்தாவா, பார்க்காமல் கொடுத்தாவா? இவர் தெரியாது, தெரியாது என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "நோனாட்ட சொல்லுங்க, நான் அப்ப குளிர்ல நடுங்கிக்கொண்டு நிண்டன், ஒண்டையும் பாக்கல்ல" என்றார். அதைச் சொன்னேன். நோனா தலையசைத்து, கேள்விகளை நிறுத்தினார்.

ஆனால் கேள்விகள் எனக்குள் நின்றபாடில்லை. அந்த அக்கா இப்போது கருவாடு காயவைத்து, கிழமையில் இரண்டு நாள் மதுரங்குளிக்குக் கொண்டுபோகிறவர். கனமூலை ஊர் வியாபாரி ஒருவர் சந்தியில் வந்து எடுத்துக்கொள்வார். நான் பாடசாலைக்குப் போகிற அதே பஸ்தான். எத்தனையோ நாள் பக்கத்தில் இருந்து விலைவாசியும் பிள்ளைகளின் படிப்பும் கதைத்திருக்கிறோம். இதைக் கேட்கலாமா, கேட்கக்கூடாதா என்று இரண்டு பயணம் தயங்கினேன். மூன்றாவது பயணத்தில், முதலில் நாடகத்தைச் சொன்னேன். ஓர் அரசி, கடலில் செத்த ஆட்கள், மகனின் கிழிந்த உடுப்பு. அக்கா தனக்குச் சேட்டுத் தந்ததைப் பற்றி இவர் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

அக்கா மடியிலிருந்த பார்சலைச் சரிசெய்தார். தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அவருக்குக் குளிரும் எண்டு குடுத்தன் எண்டு நினைச்சிருப்பார்" என்றார்.

"அதுக்கு இல்லையா, அக்கா?"

"அவரைக் கண்டதுமே எனக்கு விளங்கிற்று. அந்தக் கோலத்தில ஒருத்தர் தனியா வந்தா வேற என்ன? ஆனா பிள்ளைகள் மூண்டும் உள்ளுக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்ததுகள். இவர்ட அம்மா, மாமி, பரிமாறிக்கொண்டு நிண்டா. இவர் அப்பிடியே வாசல்ல நிண்டா, மாமி ஒருக்கா எட்டிப் பாத்தாலே முடிஞ்சுது. நல்ல சேட்டொண்டு போட்டா சும்மா வந்த ஆள் மாதிரி இருப்பார். அதுகள் சாப்பிட்டு முடியட்டும் எண்டு நினைச்சன்."

"சாப்பிட்டு முடிச்சதுகளா?"

"ஓம். முடிச்சுதுகள். கையும் கழுவினதுகள். அதுக்குப் பிறகுதான் நான் போட்டைப் பற்றிக் கேட்டன்."

பஸ் நிறையச் சனம். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அக்காவின் குரலும் கருவாட்டு விலை சொல்கிற குரல் மாதிரியேதான் இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "டீச்சர், உங்கட கை வேர்க்குது" என்றார்.

அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸில் வந்து, உடுப்பு மாற்றாமலே நோனாவிடம் போனேன். அக்கா யார் என்று அவருக்குக் காட்டமாட்டேன், நேரே கேட்கவும் விடமாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். பிறகு சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. கையிரண்டையும் மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது நாடகத்தில் இல்லை" என்றார் கடைசியில். "அரசி ஏன் அப்படிச் சொன்னாள் என்று கிரேக்கத்தில் ஒரு காரணமும் எழுதியில்லை. என்னால் இதை உள்ளே போட முடியாது."

"ஓம், விளங்குது" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஆனால் ஏழுதரமும் நான் அந்த உடுப்பை மறைக்கத்தான் பார்த்தேன். இனி மறைக்க மாட்டேன்."

எட்டாவது தடவை அவர் எழுதியதை நான் இரண்டு நாள் கழித்து வாசித்தேன். எட்டு வரி ஐந்தாகிவிட்டது. பெரிய சொல் ஒன்றுமில்லை. என் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு சொல்கூட இல்லை. நான் எங்கேயும் தடக்கவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஆனால் எனக்கு இப்போது அக்காவின் கதை தெரியும். ஆகவே என் காது இனிச் சாட்சிக்கு உதவாது. அதை நோனாவிடம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். இப்போது தன் காதும் அப்படித்தான் என்றார்.

காற்று விழுந்ததும் மகளின் பலகையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் நோனாவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு சேதி வந்தது. ஒரு சின்ன மண்டபத்தில் நடிகர்கள் நாடகத்தை முழுதாக வாசித்தார்களாம். அந்த இடத்தில் சனம் சிரித்ததா என்று நான் உடனே கேட்டேன். சிலர் சிரித்தார்கள் என்று எழுதினார். முன்பைவிடக் குறைவா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அரசியாக வாசித்த நடிகை மட்டும், அந்த ஐந்து வரியையும் இன்னும் கொஞ்சம் வேகமாக, அவசர வேலை இருக்கிறவள் மாதிரிச் சொல்லலாமா என்று கேட்டாளாம். அவளுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. நோனா சொல்லவில்லையாம்.

இதை நான் வீட்டில் சொன்னபோது இவர், "வேகமாத்தான் சொல்லணும்" என்றுவிட்டு மீன் வெட்டப் போனார்.

அக்காவிடமும் பஸ்ஸில் சொன்னேன். அவருக்கு நடிகையைப் பற்றிக் கேட்பதில் அக்கறை இல்லை. வேறொன்று கேட்டார்.

"அந்த ராசாத்தி உடுப்பைக் கொண்டுபோய்க் குடுத்தாளா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. உடுப்பு எடுக்க உள்ளே போகிற அரசி பிறகு மேடைக்கு வருவதே இல்லை. மகன் கந்தலோடு வந்து நிற்கிறான். கிழவர்களும் அவனுமாகச் சேர்ந்து அழுகிறார்கள். நாடகம் அதோடு முடிகிறது. ஏன் அப்படி என்று நான் முன்னமே நோனாவிடம் கேட்டிருந்தேன். அந்தக் காலத்தில் கிழவர்களாக நின்று பாடுகிற கூட்டத்தைத் தவிர நடிகர்கள் இரண்டே பேர்தான், முகமூடியை மாற்றி மாற்றி மற்ற எல்லா வேடமும் அவர்களே போடவேண்டும், தாயாக நடித்தவனே மகனாகவும் வந்திருக்கலாம், ஒரே ஆள் எப்படித் தன்னையே எதிர்கொள்ள முடியும் என்று சிலர் காரணம் சொல்வார்களாம். அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"ரெண்டு பேரா?" என்றார் அக்கா. "எங்கட கோயில்ல தவக்காலத்தில பாஸ்கு நாடகம் போட்டா நாப்பது பேர் நிக்கிறாங்க."

"அப்ப அப்பிடித்தானாம்."

மதுரங்குளிச் சந்தி தெரிந்தது. அக்கா பார்சலைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டார்.

"கிழவன்கள் நிறையப் பேர் நிண்டாங்க எண்டு சொன்னீங்களே. அவங்கள்ல ஒருத்தனாவது தன்ர சால்வையைக் கழட்டிக் குடுத்திருக்கலாம்தானே?"

அன்றைக்கு இடைவேளையில் அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் நோனாவுக்கு அனுப்பினேன். பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது பதில் வந்தது. இந்த நாடகத்தோடு முப்பது வருடம் இருந்திருக்கிறேன், இதை யாரும் கேட்டு நான் கண்டதில்லை, இன்னும் ஒருதரம் கடைசிப் பக்கங்களைக் கிரேக்கத்தில் வாசித்துப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார்.